பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1972 மாடல் டாட்சன் 240 இசட் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து மாட்டி முடிக்க ஆறு வருடம் ஆனது. வண்டியைப் பார்க்க வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலையும் போட்டுவிட்டேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

கிளாசிக்னு எதைச் சொல்றாங்க? என்னோடது 1992 மாடல், அதுவும் சேர்த்தியா?

சேர்த்திதான். பேச்சு வழக்கில் இரண்டு தலைமுறை இருக்கிறது. முதல் தலைமுறை 1960, 70-களின் வண்டிகள்: ஹோண்டா எஸ்600, எஸ்800, டொயோட்டா 2000ஜிடி, ரோட்டரி இன்ஜினோடு (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் இன்ஜின்) 1967-ல் வந்த மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட், 1969-ல் வந்த முதல் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், அதே வருடக் கடைசியில் வந்த நிசான் ஃபேர்லேடி இசட் (வெளிநாட்டில் டாட்சன் 240 இசட்). இரண்டாவது தலைமுறை 1989-ஐ ஒட்டி வந்தது: ஸ்கைலைனின் ஆர்32 ஜிடி-ஆர், மாஸ்டாவின் முதல் எம்எக்ஸ்-5, அடுத்த வருடம் ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ், 1991-ல் மாஸ்டாவின் எஃப்டி ஆர்எக்ஸ்-7. 25 வருடம் தாண்டிய வண்டியை அமெரிக்காவில் பாதுகாப்பு விதிகளின் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம். 2014-லிருந்து ஆர்32 அந்த வரம்புக்குள் வந்ததும் இந்த இரண்டாவது கூட்டத்துக்கும் 'கிளாசிக்' பட்டம் ஒட்டிக்கொண்டது.

வேலை பார்ப்பவனுக்குப் பட்டத்தைவிட இன்னொரு வித்தியாசம்தான் முக்கியம். முதல் தலைமுறையில் எதிரி துரு. இரண்டாவது தலைமுறையில் துருவோடு காய்ந்துபோன ரப்பரும் வயதான எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்துகொள்ளும்.

முதல் முறையா எடுக்கிறேன். எந்த வண்டி நல்லது?

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. எளிமையான வண்டி, பாகம் கிடைக்கிறது, தப்பு செய்தாலும் மன்னிக்கும். டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வு பிஸ்டனில் இடிக்காது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். 1989 முதல் 91 வரை வந்த 1.6 இன்ஜினில் மட்டும் ஒன்றைப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்நுனி குட்டையாக இருக்கும். இன்ஜின் ஓடும்போது முன்பக்க புல்லி ஆடினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

பழையதுதான் வேண்டுமென்றால் 240 இசட். எஃப்டி ஆர்எக்ஸ்-7-ஐ முதல் வண்டியாக எடுக்க வேண்டாம். அதன் வேக்குவம் ஹோஸ்கள் இடியாப்பச் சிக்கல், அதுவும் டர்போ சூட்டில் வெந்து கெட்டியான இடியாப்பம்.

வண்டி பார்க்கப் போறேன். முதல்ல எதைப் பார்க்கணும்?

பானட்டைத் திறக்காதீர்கள். விற்பவர் முதலில் பானட்டைத் திறந்து இன்ஜினை உறும விடுவார், நாமும் மயங்கிவிடுவோம். முதலில் தரையில் படுத்துக் கீழே பாருங்கள். 240 இசட் என்றால் பாட்டரி தட்டுக்குக் கீழ்ப்பகுதி, ஃப்ளோர், அதன் அடியில் ஓடும் சேஸிஸ் ரெயில், கதவுக்குக் கீழே உள்ள சில், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மூலை. எம்எக்ஸ்-5 என்றால் பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடம். துணிக்கூரையிலிருந்து வடியும் தண்ணீர்க் குழாய் குப்பையில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் சில்லுக்குள் தங்கும், தகடு உள்ளேயிருந்து அரிக்கும். ஆர்32-ல் ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்ட்ரட் கோபுரம், டிக்கி ஃப்ளோரின் மூலைகள்.

துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை என்றால் அடியில் பட்டி இருக்கிறது. அதற்காக அலுமினியத்தில் ஒட்டவில்லை என்று பதறக்கூடாது. ஆர்32 ஜிடி-ஆரின் பானட்டும் முன் மட்கார்டுகளும் அலுமினியம். எம்எக்ஸ்-5, எஃப்டி இரண்டிலும் பானட் அலுமினியம். என்எஸ்எக்ஸில் பாடி முழுவதுமே அலுமினியம், அங்கே காந்தத்துக்கு வேலையே இல்லை.

இன்ஜின் சூப்பரா ஓடுது, பாடியில துரு. இன்னொண்ணு பாடி சுத்தம், இன்ஜின் ஜாம். எதை எடுக்கலாம்?

ஜாம் ஆன இன்ஜினை. யோசிக்கவே வேண்டாம். இன்ஜினை இறக்கி மேசையில் வைத்து வேலை பார்க்கலாம், முடியாவிட்டால் வேறு இன்ஜின் தேடலாம். அரித்த சேஸிஸ் ரெயிலுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. ரோட்டரி வண்டியும் எஸ்20 இன்ஜின் உள்ள முதல் ஸ்கைலைன் ஜிடி-ஆரும் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் இன்ஜினே ஒரு சொத்து.

ஜிடி-ஆர்னு சொல்லி விக்கிறாங்க. நிஜமான்னு எப்படித் தெரியும்?

சின்னத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். சேஸிஸ் எண்ணின் முன்னெழுத்துகளைப் படியுங்கள். 1969-ல் வந்த நாலு கதவு ஜிடி-ஆர் 'பிஜிசி10', அடுத்த வருடம் வந்த இரண்டு கதவு 'கேபிஜிசி10'. அந்த 'பி' இல்லாமல் ஜிசி10, கேஜிசி10 என்றிருந்தால் அது சாதாரண ஆறு சிலிண்டர் ஸ்கைலைன். அதற்கு அகல மட்கார்டு மாட்டி ஜிடி-ஆர் போல ஆக்கியவை ஏராளம். நிஜ ஜிடி-ஆரில் இருப்பது எஸ்20 இன்ஜின்: 1989 சிசி, 24 வால்வு, 160 குதிரைத்திறன், மூன்று மிக்குனி சோலெக்ஸ் கார்பரேட்டர். ஆர்32 என்றால் 'பிஎன்ஆர்32' என்று இருக்க வேண்டும். எச்சிஆர்32 பின்சக்கர டிரைவ் ஜிடிஎஸ்-டி, எச்என்ஆர்32 ஜிடிஎஸ்-4.

'ஜிடி-ஆர் போல' செய்த வண்டி கெட்ட வண்டி இல்லை. அதை அப்படியே சொல்லி விற்றால் நானே வாங்குவேன். ஆனால் எண்ணைச் சுற்றித் தகட்டில் வெல்டிங் தடயம் தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டச் சிக்கல், ஸ்பேனரால் தீராது.

பத்து வருஷமா நின்ன வண்டி. பாட்டரி மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. அந்த ஒரு தடவையில்தான் நல்ல இன்ஜின்கள் சாகின்றன. சிலிண்டர் சுவரில் எண்ணெய் இருக்காது, லேசாகத் துரு பூத்திருக்கலாம், பிஸ்டன் ரிங் அதன்மேல் வறண்டு உரசும். டேங்கில் இருப்பதோ பெட்ரோலே இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தால் பழைய வார்னிஷ் வாசனை வரும். பம்பு அதை உறிஞ்சி கார்பரேட்டர் வரைக்கும் கொண்டுபோய்ப் பூசிவிடும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். சுற்றவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றுகிறதா, சரி. ஆயில், ஃபில்டர், கூலன்ட் மாற்றி, டைமிங் பெல்ட் உள்ள வண்டியில் அதையும் மாற்றி, டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை வெடிக்க வைக்கும். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஓடுது. இனி மொத்தமா கழட்டிடலாமா?

பாதி உயிரோடு இருக்கும் வண்டியை மொத்தமாகக் கழற்றியவர்களில் பலர் அதை அட்டைப்பெட்டிகளாகத்தான் விற்கிறார்கள். பிரேக், கூலிங், பெட்ரோல் லைன் மூன்றையும் முதலில் முடியுங்கள். பிறகு ஒரு மாதம் மெதுவாக ஓட்டினால் மீதிப் பட்டியலை வண்டியே சொல்லும்.

கழற்றும் எதையும் புதிது மாட்டிப் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். என் வண்டியின் கதவு ரப்பர் பீடிங் கிழிந்திருந்தது, புதிது வரப்போகிறதே என்று குப்பையில் போட்டேன். வந்த புதிய ரப்பர் தடிமனாக இருந்தது, கதவு சாத்தவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது கையில் இல்லாமல் நாலு மாதம் கதவை இடுப்பால் இடித்துச் சாத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் தலை மொட்டையாகுது. ஜப்பான் ஸ்க்ரூ அவ்வளவு மட்டமா?

ஸ்க்ரூ மட்டமில்லை, உங்கள் ஸ்க்ரூ டிரைவர் வேறு ஊர்க்காரர். நாம் எல்லாரும் வைத்திருப்பது அமெரிக்க ஃபிலிப்ஸ் வகை. ஜப்பான் வண்டியில் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஃபிலிப்ஸின் மூலைகள் வளைந்திருப்பதால் ஜேஐஎஸ் பள்ளத்தின் அடிவரை இறங்காது, மேலேயே உட்கார்ந்து, திருகும்போது நழுவி எழும்பும். இரண்டு தடவை நழுவினால் பள்ளம் வட்டமாகிவிடும்.

கார்பரேட்டரின் மிதவைக் கிண்ண மூடி ஸ்க்ரூவில் இதைச் சோதித்துப் பாருங்கள். தலையில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி பல ஸ்க்ரூக்களில் இருக்கும். ஜேஐஎஸ் முனையை அதில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் ஆடாமல் நிற்கும். ஐம்பது வருடம் இறுகிய ஸ்க்ரூவானாலும் முதலில் சுத்தியால் மேலே ஒரு தட்டு தட்டி, பிறகு திருப்பினால் 'டிக்' என்று விடும். இந்த வண்டிக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான கருவி அந்த நாலு ஸ்க்ரூ டிரைவர் செட்தான். ஸ்பேனரில் 10, 12, 14, 17 போதும். ஐரோப்பிய வண்டிக்காரர்களின் 13 இங்கே பெட்டியிலேயே தூங்கும்.

புது ஆயில் பிரஷர் மீட்டர் சென்சர் போட்டேன், அளவு சரிதான், ஆனா கசியுது. டெஃப்லான் டேப் சுத்தினா நிக்குமா?

நிற்காது. போன கேள்வியின் அண்ணன் இது. ஜப்பான் இன்ஜின்களில் அந்தத் துளை 1/8 அங்குல பிரிட்டிஷ் டேப்பர் மரை, அங்குலத்துக்கு 28 மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் சென்சர்கள் பல அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 27. இரண்டு சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும், நாம் 'சரியாக உட்கார்ந்துவிட்டது' என்று நினைத்து இன்னும் முறுக்குவோம். கசிவாவது பரவாயில்லை, அலுமினியத் துளை விரிசல் விட்டால் பெரிய வேலை. பிரிட்டிஷ் மரை சென்சரோ இடையில் போடும் அடாப்டரோ வாங்குங்கள்.

துருவைத் தேய்ச்சுட்டு பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா போதாதா?

ஒரு வருடம் போதும். அடுத்த வருடம் பெயிண்ட் கொப்புளிக்கும். வெளியே ஒரு ரூபாய்க் காசளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். துரு பெரும்பாலும் மூடிய பெட்டிப் பகுதியின் உட்புறத்திலிருந்துதான் வெளியே வருகிறது. துரு மாற்றும் திரவங்களும் மேலோட்டமான துருவுக்கு மட்டும்தான்.

சுத்தமான தகடு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் தகடு வளைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகட்டில் ஒரே இழுப்பாக வெல்டிங் செய்தால் சூட்டில் நெளியும். புள்ளி புள்ளியாக இடம் மாற்றி வைத்து, ஆறவிட்டு, நடுவில் நிரப்ப வேண்டும். பிறகு பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயிண்ட். பெயிண்ட் காய்ந்ததும் பெட்டிப் பகுதிக்குள் நீளக் குழாயால் மெழுகுக் கரைசல் அடியுங்கள். பெரும்பாலானவர்கள் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான், தண்ணீர் உள்ளே வந்தாலும் தகட்டைக் காப்பது அதுதான். சில் மாற்றும்போது கதவு இடைவெளியை அளந்து, உள்ளே குறுக்குக் கம்பி கட்டாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொங்கிவிடும்.

240 இசட்டோட ரெட்டை கார்பரேட்டர் ட்யூனே நிக்கல. கழட்டிட்டு வேற போடலாமா?

பழியைக் கார்பரேட்டர்மேல் போடுவதற்கு முன் மற்றதைப் பாருங்கள். முதலில் டேப்பட் இடைவெளி: இன்ஜின் சூடாக இருக்கும்போது உள்வால்வு 0.25 மி.மீ., வெளிவால்வு 0.30 மி.மீ. அடுத்து சி.பி. பாயிண்ட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை), பிறகு டைமிங், கார்பரேட்டர் கடைசி. வரிசை மாறினால் வாழ்நாள் முழுக்க ட்யூன் செய்துகொண்டே இருக்கலாம்.

இனி கார்பரேட்டர். எஸ்யு வகை ஹிட்டாச்சி அது, மேலே மணி போன்ற குமிழ், உள்ளே ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். டேம்பர் தண்டைக் கழற்றிவிட்டு விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது ஊசி உரசுகிறது. டேம்பரில் எண்ணெய் இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் திணறும். இரண்டின் காற்றோட்டத்தையும் சமமாக்கிய பிறகே பெட்ரோல்-காற்றுக் கலவைத் திருகைத் தொடுங்கள். உங்களுடையது 1973 வண்டியாகி, குமிழுக்குப் பதில் தட்டையான தலை இருந்தால் மட்டும் மாற்றுவதை ஒப்புக்கொள்கிறேன். அது புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த வகை, அப்போதே பலர் கழற்றிவிட்டுப் பழைய குமிழ்த்தலைக்கு மாறிவிட்டார்கள்.

ஹெட்லைட் போட்டா ஃப்யூஸ் பாக்ஸ் சுடுது. பெரிய ஃப்யூஸ் போடலாமா?

போட்டால் ஃப்யூஸ் தப்பிக்கும், ஒயர் எரியும். 240 இசட்டில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ரிலே இல்லாமல் ஸ்விட்ச் வழியாகவே போகிறது. ஐம்பது வருடப் பாசி படிந்த பித்தளைக் கிளிப்புகள் சூடாகாமல் என்ன செய்யும்? கிளிப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள். பழைய ஒயரை வெட்டாமலே இடையில் மாட்டும்படி செய்யலாம்.

90-கள் வண்டி. ஒருநாள் நல்லா ஓடுது, ஒருநாள் உதறுது. உள்ள மீன் நாத்தம் வேற. பைத்தியமா எனக்கு?

இல்லை, சரியாகத்தான் மூக்கு வேலை செய்கிறது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் வயதாகி ஒழுகும். அந்தத் திரவத்துக்கு மீன் வாடை உண்டு. மிட்சுபிஷி ஜிடிஓ போன்ற வண்டிகளின் இன்ஜின் கம்ப்யூட்டரிலும், என்எஸ்எக்ஸின் ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் இது பெயர்பெற்ற வியாதி. பெட்டியைத் திறந்தால் கெப்பாசிட்டரின் காலடியில் பழுப்புக் கறையும் பச்சை பூத்த செம்புத் தடமும் தெரியும்.

கம்ப்யூட்டர் இன்னும் வேலை செய்யும்போதே கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுங்கள். திரவம் போர்டின் தடங்களைத் தின்றுவிட்டால் பழுது பார்ப்பது பல மடங்கு கடினம். சென்சராக வாங்கி மாற்றிக் களைத்துப்போன பலர் கடைசியில் வந்து சேரும் இடம் இது.

ஆர்எக்ஸ்-7 ஆயில் குடிக்குது. இன்ஜின் போச்சா?

அது குடிப்பதற்கென்றே செய்யப்பட்ட இன்ஜின். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள அபெக்ஸ் சீல்கள் உரசாமல் இருக்க, ஒரு சின்ன பம்பு வேண்டுமென்றே ஆயிலை உள்ளே செலுத்துகிறது. ஆயில் குறையவே இல்லை என்றால்தான் பயப்பட வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

கம்ப்ரஷனைச் சாதாரண கேஜில் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும். தனித்தனியாக மூன்றையும் காட்டும் ரோட்டரி கேஜ்தான் வேண்டும். இன்னொன்று: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்திவிட்டு அணைக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சீல்களின் எண்ணெயைக் கழுவிவிடும், கம்ப்ரஷன் போய் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

ஆர்32-ல பூஸ்ட் கொஞ்சம் ஏத்தினா என்ன ஆகும்?

அந்தக் காலத்து ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரத்தில் காட்டவில்லை. ஆர்32 ஜிடி-ஆரின் ஆர்பி26 இன்ஜின் அதைவிட அதிகம் தாங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தாங்காதது சுற்றியிருப்பவை. ஒரிஜினல் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக். பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறினால் தண்டிலிருந்து விட்டுப்போகும். ஆரம்ப ஆர்32 இன்ஜின்களில் ஆயில் பம்பைச் சுற்றும் கிராங்க் காலர் குறுகியது, அதிக ஆர்பிஎம்மில் பம்பு உடைந்தால் இன்ஜினே போகும். முதலில் இந்த இரண்டையும் சரி செய்யுங்கள். 1 லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டையும் மறக்க வேண்டாம். எம்எக்ஸ்-5 மாதிரி மன்னிக்கிற இன்ஜின் இல்லை இது, பெல்ட் அறுந்தால் வால்வு வளையும்.

புது பாகம் இன்னும் கிடைக்குதா?

முன்பைவிட இப்போது பரவாயில்லை. நிசான் 2017 டிசம்பரில் நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் ஆர்32 ஜிடி-ஆருக்கு ஒயரிங் ஹார்னஸ், ஹோஸ் போன்றவற்றை மறுபடி செய்யத் தொடங்கியது. மாஸ்டா முதல் எம்எக்ஸ்-5-க்குத் துணிக்கூரை, நார்டி மரத்தாலான ஸ்டீயரிங், ஏன், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயரைக்கூடத் திரும்பக் கொண்டுவந்தது. டொயோட்டா 2020-லிருந்து பழைய சூப்ராக்களுக்கும் 2000ஜிடி-க்கும் பாகம் செய்கிறது. என்எஸ்எக்ஸைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை ஹோண்டா 1993-லேயே ஆரம்பித்துவிட்டது.

கிடைக்காமல் திண்டாட வைப்பது இன்ஜின் பாகம் இல்லை. டேஷ்போர்டு, கண்ணாடி ரப்பர், உள்அலங்காரப் பிளாஸ்டிக், விளக்குக் கண்ணாடி. வாங்கும்போது இவை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டாம வச்சா நல்லதா? வாரா வாரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்.

அந்தப் பத்து நிமிடம்தான் கெடுக்கிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்தால் உள்ளே படிந்த ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கும். மாதம் ஒரு முறை, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிகான் வகையான டாட் 5-ஐ டாட் 3, 4-உடன் கலக்கக்கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ம் வருடம் 23-வது வாரம். பூ தேயாமல் புதிது மாதிரி இருந்தாலும் அது கிழ டயர்தான்.

பெயிண்ட் மங்கிப்போச்சு, ஆனா கம்பெனி பெயிண்ட். துரு இல்ல. முழுசா ரெஸ்டோர் பண்ணட்டுமா?

வேண்டாம். புதுப் பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலையில் அடித்ததை ஒரு முறைதான் அடிப்பார்கள். பாலிஷ் போடுங்கள், பெட்டிப் பகுதிகளுக்கு மெழுகு அடியுங்கள், மெக்கானிக்கல் வேலையை மட்டும் முடியுங்கள். ரெஸ்டோர் செய்த வண்டியை வைத்திருக்கும் நானே சொல்கிறேன்: என் வண்டியில் போல்ட் தலைகளில் இருந்த மஞ்சள் நிற முலாம், கதவு இடுக்கில் ஒட்டியிருந்த காகித ஸ்டிக்கர், பெயிண்ட் துப்பாக்கி எட்டாமல் விட்டுப்போன மூலை எல்லாவற்றையும் மணல் அடித்துச் சுத்தமாக்கினேன். அப்படி ஒரு மூலை உங்கள் வண்டியில் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், என்னுடையது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்கிறேன்.